ஆல்டர் படியில் ஐந்து கம்ப்யூட்டர்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் ஸ்டெல்லாமேரியை ஒரு லோடு ஆட்டோவின் பின்பக்கத்தில், ஐந்து கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, மானிட்டர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. ஞானாபரணபுரம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. "இதெல்லாம் எதுக்கு மதினி? வேண்டாம்" என்று நாத்தனார் ரூபி வாசலில் நின்று கேட்டதும், "நீ சும்மா இரி, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று இவள் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ரூபி பேச்சை அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கும் இந்த வாரம் எழுத இவ்வளவு மனக்கஷ்டம் இருந்திருக்காது.

இன்றுதான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஸ்டெல்லா பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். கட்டிக்கொண்டது ரயில்வே டிராக்மேன் ஆண்ட்ரூஸை, அவர் புராட்டஸ்டண்ட். பதினைந்து வருஷம் மணியாச்சி குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஐந்து மாதம் முன்புதான் புருஷன் ஊருக்குக் குடி வந்தாள். அதுவரை இந்த ஊர்க் கோயிலை அவள் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எட்டு வருஷம் டீச்சராக இருந்தவள். ஃபீஸ் கட்ட முடியாமல் பாதியில் நின்ற பெண்பிள்ளைகளை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே வந்து அடுத்த பாடத்தை எடுத்தவள். அது அவள் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. இந்த ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, யாரிடமும் பைசா வாங்காமல் ஒரு வகுப்பு தொடங்குவேன் என்று கிளம்பிவிட்டாள்.

கம்ப்யூட்டர் வந்தது ரூபி மூலமாக. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் பதினோரு வருஷம் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். தீபாவளி சீசன் முடிந்ததும் யூனிட்டை மூடினார்கள். ஆபீஸ் மூலையில் கிடந்த ஐந்து பழைய கம்ப்யூட்டரை, "எடுத்துட்டுப் போறதுன்னா போ, இதுல இனிமே புது விண்டோஸ் ஏறாது" என்று முதலாளி தள்ளிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பஞ்சும் நூல் பிசிறும். ஓவர்லாக் மெஷின் துடைக்கிற பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து, தையல் சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று முதுகில் நம்பர் போட்டு வைத்தாள்.

ஸ்டெல்லாவின் பழைய மாணவன் செல்வக்குமார் ஒரு பென்டிரைவ் கொடுத்துவிட்டான். அதில் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் பழைய மெஷினிலும் ஓடுவது.

"இத யாரும் விக்குறதில்ல டீச்சர். எத்தன மெஷின்லயும் போடலாம், எத்தன பேருக்கும் காப்பி பண்ணிக் கொடுக்கலாம். எழுதினவங்களே அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

முதல் மெஷினில் ஸ்டெல்லா போட்டுக் காட்டினாள். மீதி நாலையும் ரூபியே போட்டாள். பத்தாம் வகுப்போடு நின்றவள். போட்டு முடித்துவிட்டு அந்தப் பென்டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சுக்கும் கொடுத்தாச்சு. இன்னும் இதுக்குள்ள அப்படியே இருக்கா மதினி?"

"இருக்கு."

"கொடுத்த பொறவும் நம்மகிட்ட இருக்குதது ஒலகத்துல இது ஒண்ணுதான் போல."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். புருஷன் வேறொருத்தியோடு திருப்பூரில் குடித்தனம் வைத்த பிறகு, ஏழு வருஷமாக அண்ணன்மார் வீட்டில் இருக்கிற ரூபி சிரித்து ஸ்டெல்லா பார்த்தது அன்றுதான்.

இனி பெரியவர். ஆண்ட்ரூஸின் அண்ணன் தேவஆசீர்வாதம், கோயில் கமிட்டி செயலாளர், இந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. யூனிட் மூடினதும் அவர் ரூபிக்கு ஒரு வழி பார்த்துவிட்டார். தாம்பரத்தில் அவர் கொழுந்தியாள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பாட்டியம்மாவைத் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேயே. திங்கட்கிழமை சாயங்காலம் கோவில்பட்டியில் ரயில். ரூபி மாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை, மூன்று நாள் சாப்பிடாமல் சொன்னாள். ஸ்டெல்லா நடுவில் போய் விழுந்தாள். கடைசியில் பெரியவர் இறங்கிவந்து ஒரு வார்த்தை கொடுத்தார். "திங்கக்கிழமை காலையில அந்த வகுப்பு நடந்துதுன்னா ரூபி இங்கனயே இருந்து உனக்கு ஒத்தாசை பண்ணட்டும். நடக்கலைன்னா சாயங்காலம் ரயிலேறட்டும்."

சண்டே ஸ்கூல் அறையைக் கமிட்டி வகுப்புக்குக் கொடுத்தது. பன்னிரண்டு பெண்பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். ஐந்து மெஷினும் ஓடின. எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் ஸ்டெல்லாவுக்கு இந்த ஆசை வந்தது, பண்டிகை அன்று ஒரு ஜெபம் பண்ணிவிட்டுத் தொடங்கலாமே என்று.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் ஆல்டர் படி முழுக்கக் காணிக்கை. கம்பு மூட்டை, உளுந்து மூட்டை, வத்தல் சாக்கு, பூசணிக்காய், காலைக் கட்டிப்போட்ட சிவப்புச் சேவல், வெளியே வேப்பமரத்தில் இரண்டு கிடாக்குட்டி. பூசணிக்காய்களை ஒதுக்கிவிட்டு ஸ்டெல்லா தன் ஐந்து கம்ப்யூட்டரையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு மானிட்டரின் மேலும் ஒரு செவ்வந்திப்பூவும் வைத்தாள்.

பெரியவர் பார்த்துக்கொண்டே வந்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம் செஞ்சிருக்க ஸ்டெல்லா. நான் எதிர்பாக்கல."

வகுப்பைப் பற்றி அத்தானுக்கு மனசு இளகிவிட்டது என்று இவளுக்குக் கண் கலங்கியது. போதகர் ஐயா படியில் முழங்கால் போட்டு, எல்லாவற்றின் மேலும் கையை நீட்டி ஜெபம் பண்ணினார். தீர்த்தம் தெளிக்கவில்லை. இவர்கள் கோயிலில் தீர்த்தம் கிடையாது என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அந்த ஒன்றுதான் வித்தியாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்தது. சனம் வெளியே போனது. கோயில் பணியாள் ஜெஸ்டின் கையில் பசையும் சீட்டுமாக வந்து ஒவ்வொரு சாமானிலும் நம்பர் ஒட்டினார். பூசணிக்காயில் நாற்பது. வரிசையில் முதலில் இருந்த கம்ப்யூட்டரில் நாற்பத்தொன்று.

"அண்ணாச்சி, இதுக்கு எதுக்கு நம்பர்?"

"ஏலத்துக்குத்தாம்மா."

"எந்த ஏலம்?"

ஜெஸ்டின் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "படியில வச்சது பூராவும் ஜெபம் முடிஞ்சதும் ஏலத்துக்குல்லா போவும். வருசா வருசம் நடக்குததுதான். ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்குமே தோன்றவில்லை. இந்த ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் அது.

ஸ்டெல்லா ஓடினாள். வேப்பமரத்தடியில் ஏல மேஜை போட்டாகிவிட்டது. பெரியவர் கைமணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இந்த ஊரில் ஏலம் கூறுகிறவர் அவர்தான்.

"அத்தான், ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு?"

"நான் ஜெபத்துக்குத்தான் வச்சேன் அத்தான். ஏலத்துக்கு இல்ல."

"ஆல்டர் படியில வச்சா அது படைச்சதுதானம்மா."

"எங்க கோயில்ல பைக்கு, டிராக்டர், தையல் மெஷின் எல்லாம் கொண்டு வைப்போம். சாமியார் மந்திரிச்சுக் கொடுப்பாரு. பொறவு தூக்கிட்டு வந்திருவோம்."

தேவஆசீர்வாதம் கைமணியைக் கீழே வைத்தார். காலையில் மலர்ந்த முகம் இப்போது மெதுவாக மூடியது.

"அப்ப நீ மனசு மாறிக் கொடுக்கலையா?"

"எப்படி அத்தான் கொடுப்பேன்? நாளைக்கு வகுப்புல்லா."

"நீ வகுப்பு வேண்டாம்னு விட்டுட்டன்னு நினைச்சு நான் ரூபி கையில வழிச்செலவுக்கே ரூவா கொடுத்துட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஸ்டெல்லா, மூணு வருசத்துக்கு முன்னால எம் பொண்டாட்டி, ஒங்க அக்கா, கம்பைக் குத்துப்போணிப் பாத்திரத்தோட கொண்டு படியில வச்சிட்டா. அவ அம்மை வீட்டுச் சீரு. போணிய மட்டும் எடுத்துத் தாங்கன்னு அழுதா. நான்தான் ஏலம் கூறினேன். இடைசெவல்காரர் ஒருத்தர் கம்போட போணியையும் தூக்கிட்டுப் போனாரு. இன்னைக்கும் அவ எனக்குத் தண்ணி கொடுக்கும்போது சொம்பை டங்குன்னுதான் வைக்கா. பொண்டாட்டிக்கு எடுத்துக் கொடுக்காதவன் தம்பி பொண்டாட்டிக்கு எடுத்துக் கொடுத்தா, நாளைக்கு இந்த மரத்தடியில நான் எப்படி நிக்கது?"

"அப்ப நானே ஏலத்துல கேட்டு எடுத்துக்கிடுதேன்."

"கூடாது. படைச்ச வீட்டுக்காரவுக ஏலம் கேக்கக் கூடாது. நீயும் கூடாது, நானும் கூடாது, நம்ம வீட்ல ஒருத்தரும் கூடாது. ஆண்டவருக்குக் கொடுத்தத திருப்பி வாங்குத மாதிரி ஆயிரும்."

போதகரிடம் போனாள். இளவயசுக்காரர், நல்லவர். அவள் சொன்னதைக் கேட்டு அவருக்கே முகம் வாடிவிட்டது. "நான் இந்த ஊருக்கு வந்து எட்டு மாசந்தாம்மா ஆகுது. ஊர் வழக்கத்துல கை வைக்க எனக்கு ஏலாது" என்றார்.

ஆண்ட்ரூஸுக்குப் போன் போட்டாள். தண்டவாளத்து ஓரத்துக் காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் முழுதும் கேட்டார்.

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். முடியாதுன்னுட்டாவ."

"அவிய முடியாதுன்னா முடியாதுதான் ஸ்டெல்லா. டூட்டி முடிஞ்சு நாலு மணிக்கு வாரேன்."

நாலு மணிக்கு வந்து என்ன செய்ய? ஏலம் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். இந்த ஆண்ட்ரூஸை நினைத்தால் எனக்கே சில நேரம் ஆத்திரமாக வரும், ஸ்டெல்லாவுக்கு வராமல் இருக்குமா? போனை வைத்தாள்.

கோயிலின் பின்பக்கம் அசன விருந்துக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. பெண்களோடு உட்கார்ந்து ரூபி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா அவளைத் தனியே கூப்பிட்டு, சுவரோடு நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே கேட்காமல் போனது.

ரூபி கையிலிருந்த கத்தரிக்காய் காம்பைக் கீழே போட்டாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"சொன்ன."

"பெரியண்ணன் காலையில வந்து மூவாயிரத்தக் கையில வச்சாவ. ஒங்க மதினியே மனசு மாறிட்டா, நீயும் பொறப்படுன்னாவ. நீங்களும் அவியளும் சேந்து பேசிட்டீங்கன்னு நினைச்சேன். காலையிலருந்து உங்க மொகத்தப் பாக்கவே பிடிக்கல எனக்கு."

"ஐயோ ரூபி, நான் அப்படிச் செய்வேனா?"

"வேணும்னு செய்யல. தெரியுது மதினி." அவள் கண்ணை உயர்த்தவில்லை. "ஆனா செஞ்சிட்டீங்க."

கத்தியைத் தண்ணீரில் அலசி, பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்க போற?"

"பெட்டி கட்ட."

ஸ்டெல்லா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊர்ப்பட்ட சனத்துக்கு மத்தியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாற்பது நாள் அந்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்து ஸ்குரூ ஸ்குரூவாகக் கழற்றி மாட்டியதைப் பார்த்தவள். அவளை ரயிலேற்றுகிற வேலையைத் தன் கையாலேயே செய்துவிட்டாளே. செவ்வந்திப்பூ வேறு வைத்தாளே.

மரத்தடியில் மணி அடித்தது. ஏலம் தொடங்கிவிட்டது.

அழுதுகொண்டே இருக்க நேரமில்லை. வீட்டார் கேட்கக் கூடாது என்றால் வேறு யாராவது கேட்கட்டும். ஸ்டெல்லா கூட்டத்துக்குள் புகுந்தாள். பெயர் கொடுத்த பெண்பிள்ளைகளின் அப்பா, அம்மா ஒவ்வொருவரிடமாகப் போனாள். ஒருவர் வத்தல் மூட்டைக்கு வந்திருந்தார். ஒருவர் பாக்கெட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். செயலாளர் வீட்டுச் சமாச்சாரத்தில் நாம் எதற்கு என்று ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள்.

வெளிவட்டத்தில் கடற்கரை என்பவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கிறவர், வருஷம் தவறாமல் இந்த ஏலத்துக்குக் கிடாக்குட்டி எடுக்க வருவார். கோயில் கிடா தன் மந்தையில் நின்றால் மந்தை பெருகும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கூடவே மகள் முத்துசெல்வி. பன்னிரண்டு பேரில் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு பெட்டி. நீங்க கேட்டு எடுத்துக் கொடுங்க. ரூவாயை நான் எப்படியாவது உங்ககிட்ட சேத்திருதேன்."

"நான் கெடாவுக்குன்னு வந்தவன் தாயி. இந்தப் பெட்டிய வச்சு எதை மேய்க்க?"

"எப்போவ், டீச்சர் நமக்குத்தான் சொல்லித் தாராவ" என்றாள் முத்துசெல்வி, மெல்ல.

கடற்கரை மகளைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். "பாப்போம்" என்றார்.

சேவல் போனது. பூசணிக்காய் போனது. மணி பன்னிரண்டரை. ஜெஸ்டின் நாற்பத்தொன்றைத் தூக்கி மேஜையில் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு. "இதுல விண்டோஸ் இருக்கா?" என்று ஒருவர் கேட்க, "அது கிடையாது, என்னமோ சும்மா கொடுக்குததுதானாம்" என்று இன்னொருவர் சொன்னார். சும்மா கிடைப்பதை எவன் ஏலத்தில் கேட்பான்? ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். பேசினால் ஏலம் கேட்டதாக ஆகிவிடுமோ என்று மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு ஆள் முன்னால் வந்தான். கோவில்பட்டியில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாலகணேஷ். "ஐநூறு" என்றான். அவனுக்கு அதில் ஓடுவது என்ன என்பதில் அக்கறை இல்லை, உள்ளே இருக்கிற செம்பும் போர்டும் போதும். அவன் பேரில் தப்பும் இல்லை, அது அவன் தொழில்.

"ஐநூறு ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." மணி.

நாற்பத்திரண்டு. கடற்கரை கையைத் தூக்கினார். "அறுநூறு." பாலகணேஷ் திரும்பிப் பார்த்துவிட்டு, "எழுநூறு." "எழுநூத்தம்பது," என்றார் கடற்கரை. "எண்ணூறு." கடற்கரை வாயை மென்றார். மரத்தில் கட்டியிருந்த கிடா சரியாக அந்த நேரம் பார்த்துக் கத்தியது. அவர் கையைக் கீழே இறக்கிவிட்டார். முத்துசெல்வி அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

நாற்பத்திமூன்று, ஐநூறு. நாற்பத்திநாலு, ஐநூறு. நாலும் பாலகணேஷின் குட்டியானை லோடு வண்டியில் ஏறின. அவன் ஆள் ஒருவன் மானிட்டரின் மேலிருந்த செவ்வந்திப்பூவை எடுத்துக் கீழே போட்டான்.

கடைசிப் பெட்டியை ஜெஸ்டின் மேஜையில் வைத்தார். முதுகில் சாக்பீஸில் "1" என்று எழுதியிருந்தது. ரூபி முதன்முதலில் துடைத்தது.

"நாப்பத்தஞ்சு. கேளுங்க."

"ஐநூறு," என்றான் பாலகணேஷ், பணத்தை மடித்துக்கொண்டே.

"ஐநூறு ஒரு தரம். ஐநூறு ரெண்டு தரம்..."

"மூவாயிரம்."

கூட்டம் விலகியது. ரூபி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் துணி எடுத்து வைத்த ஏர்பேக். இன்னொரு கையில், காலையில் அண்ணன் கொடுத்த அதே நோட்டுகள், மடிப்புக்கூடக் கலையாமல்.

பாலகணேஷ் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வண்டிப் பக்கம் நகர்ந்தான்.

"படைச்ச வீட்டுப் பொண்ணுல்லா கேக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தேவஆசீர்வாதம் மணியைப் பிடித்தபடி தங்கையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஊர் நடுவில் இவளை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்ற கவலைதான் இருந்தது.

"ஏட்டி ரூபி, நீ கேக்கக் கூடாது. படைச்சது நம்ம வீடு. வீட்டுக்குப் போ."

"நான் அந்த வீட்டுக்காரி இல்ல."

"என்ன பேசுத?"

"என் பேரு இந்தச் சபை ரிஜிஸ்டர்ல இல்ல பெரியண்ணே. என்னையக் கட்டிக்கொடுத்த ஊர்லதான் இருக்கு." கீழே பார்த்துப் பேசுகிற ரூபி இப்போது நேராகப் பார்த்துப் பேசினாள். "ஏழு வருசமா மாத்துங்க மாத்துங்கன்னு கேட்டேன். பேரை இங்கன கொண்டாந்துட்டா அத்துவிட்டதா ஆயிரும், அவன் வந்து கூப்பிட்டா அசிங்கம்னு நீங்கதான் விட்டு வச்சீங்க. அப்ப நான் எந்த வீடு? ஐயா, நீங்க ரிஜிஸ்டர எடுத்துப் பாருங்க."

ஸ்டெல்லாவுக்கு வேண்டாம் ரூபி என்று கத்தத் தோன்றியது. ஏழு வருஷமாக ஒரு பெண் யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்ததை, தன்னால், தான் வைத்த ஒரு பெட்டியால், கம்பு மூட்டைக்கும் கிடாக்குட்டிக்கும் நடுவே நின்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போதகர் உள்ளே போனார். பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்து ஏல மேஜையிலேயே விரித்தார். தேவஆசீர்வாதம் குடும்பம் என்ற பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். பிறகு ஒருமுறை கீழிருந்து மேலே போனார்.

"இல்ல" என்றார்.

அவ்வளவுதான். ஊர் வழக்கம் ஊர் வழக்கம்தான். பெண்டாட்டியின் குத்துப்போணியையே விடாத மனிதர், எழுதி வைத்திருப்பதை எப்படி மறுப்பார்?

"மூவாயிரம், ஒரு தரம்." குரல் உடைந்தது. "ரெண்டு தரம்." அவர் மரத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தங்கையைப் பார்க்கவில்லை. மூன்றாம் தரத்தை அவர் வாய் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஜெஸ்டினுக்குக்கூடக் கேட்கவில்லை. மணிச் சத்தம்தான் கேட்டது.

ரூபி ரூபாயை மேஜையில் வைத்தாள். ஏர்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். ஸ்டெல்லா ஓடிப்போய் மானிட்டரை எடுத்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தில் நாலு போய்விட்டது. பன்னிரண்டு பேருக்கு ஒரு பெட்டி. ஆனாலும் ஒன்று இருக்கிறது. பென்டிரைவ் இருக்கிறது. நாளைக் காலை வகுப்பு நடக்கும். அத்தான் கொடுத்த வார்த்தைப்படி ரூபி ரயிலேற வேண்டியதில்லை.

"ஸ்டெல்லா."

பெரியவர் பின்னாலேயே வந்திருந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் அவருக்கு வயசு கூடிவிட்டது.

"ஒரு பெட்டி கிடைச்சிருச்சு. வகுப்பு நடக்கட்டும். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன், ரயில் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருதேன்."

"அத்தான்..."

"முழுசும் கேளு. சபைக்கு முன்னால, ஐயாவுக்கு முன்னால, இந்த வீட்டுக்காரி இல்லன்னு சொன்னா. அதை வச்சுத்தான் நான் மணி அடிச்சேன். இப்ப அவ என் வீட்ல வந்து படுத்தா அந்த ஏலம் பொய்யாயிரும். உன் வீடும் என் வீடும் ஒண்ணுதான், ரிஜிஸ்டர்ல ஒரே பக்கம்." அவர் ரூபி போன பக்கம் பார்த்தார். "இன்னைக்கு அவ எங்கன போவா? அதை நீயே சொல்லு. எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டு அவர் அசனப் பந்திப் பக்கம் போனார். பந்தியில் உட்காரவில்லை. ஒரு மூலையில் போய் நின்றார்.

ஸ்டெல்லாவுக்கு மானிட்டர் கையில் கனத்தது. ரூபி காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள். விழுந்திருந்தது. ஆனால் அவள் நிற்கவில்லை. கோயில் மதிலை ஒட்டிச் சண்டே ஸ்கூல் அறைப் பக்கமாக நடந்துகொண்டே இருந்தாள். அறை வாசலுக்கு வந்ததும் பெட்டியைப் படியில் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, வைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு நின்றாள்.

"சாவி ஒங்ககிட்டதான இருக்கு மதினி?"

ஸ்டெல்லா இடுப்பில் ஊக்கில் மாட்டியிருந்த சாவியைத் தொட்டாள். வகுப்பு நடத்த என்று கமிட்டி கொடுத்த சாவி. குடியிருக்கக் கொடுத்தது இல்லை.

"இருக்கு."

ரூபி அந்தப் பழைய மரக்கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா?"

ஐந்து வாரமாக அந்த அறையைக் கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்தவள் ஸ்டெல்லா. கதவில் வெளியே பூட்டு மாட்டுகிற நாதாங்கி மட்டும்தான் உண்டு. உள்பக்கம் எதுவும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.